மரண தண்டனையும் நமது கட்சிகளின் மனச்சாட்சியும்

லாகூர்ச் சிறையில் பகத் சிங்கும் அவருடைய தோழர் இருவரும் 1931 மார்ச் 23-ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட துயரம் ஆறுவதற்கு முன்னரே கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சுதந்திர இந்தியாவின் பிரஜைகளுக்குரிய அடிப்படை உரிமைகளை வகுக்க முற்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாயில் திருத்தி அமைக்கப்பட்ட அத்தீர்மானத்தில், மரண தண்டனை இருக்கலாகாது என்பதும் ஒரு பிரிவாக இடம்பெற்றது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், அதே காங்கிரஸ் ஆண்ட இந்தியாவில், 1949 நவம்பர் 15-ஆம் தேதி அம்பாலாச் சிறையில் கோட்ஸேயும் ஆப்தேயும் தூக்கிலிடப்பட்டனர். கொல்லப்பட்ட மகாத்மாவின் புதல்வர்களான மணிலாலும் ராமதாஸும் கொன்றவர்களின் உயிருக்காக மன்றாடினார்கள். அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியும், நேருவும் படேலும் நடத்திய அரசாங்கமும் அந்த மன்றாட்டுக்கு இணங்கவில்லை. நம்மவருடைய கழுத்தை நினைந்து கராச்சித் தீர்மானத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு, நாம் மன்னிக்க இயலாத ஒருவனுடைய கழுத்து எதிரே வந்தவுடன் ஏட்டளவில் நின்றுவிட்டது. அன்று தொட்டு இன்று வரை இந்த விஷயத்தில் நமது கட்சிகள் நடந்து வந்திருக்கும் முறைக்கு அதுவே தொடக்கம்.

சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்தப் பொருளைப் படித்து வந்திருக்கும் நான், மரண தண்டனை விதிவிலக்கு எதுவுமின்றி முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவை மறைத்துக்கொண்டு எழுத விரும்பவில்லை. தூக்கு வேண்டும் என்று நேர்மையாக வாதிடுபவர்களோடு எனக்கு உள்ள வேற்றுமை அபிப்பிராய பேதம். அது விவாதத்தால் தீரக்கூடியது. வேண்டியவருக்கு மட்டும் கருணை கேட்டு, வேண்டாதவர் விஷயத்தில் மௌனம் சாதிப்பவர்களோடு உள்ள வேற்றுமையோ அத்தகையதன்று. நமது நாட்டில் தூக்குமரம் இன்னும் நிற்பதற்கு முன்னவரைக் காட்டிலும் பின்னவரே பெரிதும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

முதலில் சட்டத்தின் போக்கைப் பார்ப்போம். 1860-இல் ஆங்கிலேயர் வகுத்த தண்டனைச் சட்டம் கொலைக்கு மரணத்தையோ ஆயுள் தண்டனையையோ விதித்தது. 1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டம், மரணத்துக்குரிய குற்றத்தில் அதைவிடக் குறைந்த தண்டனை அளிக்கும் நீதிபதி அதற்குரிய காரணத்தை எழுத வேண்டும் என்றது. அதாவது, தூக்கு இயல்பான முடிவாகவும், உயிரை விட்டுவைப்பது விளக்கம் சொல்ல வேண்டிய காரியமாகவும் கருதப்பட்டன. 1955-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டின் புதிய சட்டமோ நிலைமையைத் தலைகீழாக்கி, தூக்கு விதிப்பதானால் விசேஷ காரணம் காட்ட வேண்டும் என்று விதித்தது. இவ்வளவு மாறுதலும் நிகழ்ந்ததற்கு இடையே, ஒழித்தே விடலாம் என்ற குரலும் எழாமலில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் மாதம் பேசிய டாக்டர் அம்பேத்கர், அகிம்சையைத் தர்மமாகக் கொண்டாடும் நாடு மரண தண்டனையை ஒழித்துவிடுவதே பொருத்தம் என்ற கருத்தைத் தெரிவித்தார். 1958-இல் புகழ்பெற்ற நடிகர் பிருத்விராஜ் கபூர் ராஜ்ய சபையில் ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்து, விவாதத்துக்குப் பின் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1967-இல் வெளிவந்த சட்டக் கமிஷனின் 35-ஆவது அறிக்கை, இந்தியாவின் சூழ்நிலையில் அந்தப் பரீட்சைக்குத் துணிய முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திற்று.

1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் மரண தண்டனை விதிக்கலாம் என்று தீர்த்தது. நால்வர் அவ்வாறு கூற, நீதிபதி பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டு, இந்தத் தண்டனை நீதிபதியின் மனப்போக்கைப் பொறுத்து அமைவது என்றும், ஏழையின் மீதே இறங்குவது என்றும் வாதிட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டமாயிற்று. சிறுபான்மைத் தீர்ப்பு உண்மையாயிற்று என்றே நான் சொல்வேன். ஒரே கொலைக் குற்றத்துக்காக ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டிருந்தது. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றத்தை நாடினர். காஷ்மீரா சிங்கின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஜீதா சிங்கின் மனு தள்ளுபடியாகி, அவர் 1981 அக்டோபர் 6-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அதே தருணத்தில் தூக்கை எதிர்நோக்கியிருந்த ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் தடையுத்தரவு பெற்றுப் பிழைத்தார். அவருடைய மனு விசாரணைக்கு வந்தபொழுதுதான், சம குற்றவாளி ஒருவரின் தண்டனை முன்பே குறைக்கப்பட்டிருப்பதும், மற்றொருவர் உயிரோடில்லை என்பதும் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தன. ஜீதா சிங்கின் மனுவை எந்த அமர்வு கேட்டது என்பதைத் தவிர அவருடைய சாவுக்கு வேறு காரணம் இல்லை.

இது பழங்கதை என்று எவரும் ஒதுக்க வேண்டாம். பச்சன் சிங் தீர்ப்பைக் கவனியாமல் குற்றத்தின் கொடுமையை மட்டும் எடைபோட்டுப் பல தூக்குத் தண்டனைகள் உறுதி செய்யப்பட்டுவிட்டன என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அந்தத் தவறான வழியில் தண்டிக்கப்பட்டவர்களுள் ராஜஸ்தானைச் சேர்ந்த இருவர் 1996-லும் 1997-லும் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினால்வர் ஜனாதிபதிக்கு எழுதி, அவ்வாறே பிழையாகத் தண்டிக்கப்பட்டு உயிரோடிருக்கும் பதின்மூவரையாவது காக்குமாறு வேண்டினார்கள். மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளின் கதை இன்னும் கொடிது. அவர்களுள் மூவருடைய தூக்கை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்திருக்க, 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து அறுவருக்கும் மரணத்தை விதித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச் மாதம், அதே உச்ச நீதிமன்றம் அறுவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தருமாறு உத்தரவிட்டது. அந்தப் பத்தாண்டுகளில் தூக்கு நிறைவேறியிருந்தால் அந்த ஐந்து லட்சத்தை எவர் கையில் கொடுத்திருப்பார்கள்? டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000-க்கும் 2015-க்கும் இடையில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளுள் மேல் நீதிமன்றங்களில் இறுதிவரை நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேர் அடியோடு விடுதலையானவர்கள். மரணத்துக்குக் காத்திருந்தோரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. இந்த விகிதத்தில் தவறும் ஒரு வைத்தியமுறையை எந்த ஆஸ்பத்திரியும் ஒரு நாளும் தொடர விடமாட்டோம்.

தூக்கு இருந்தால்தான் கொலைகள் குறையும் என்ற வாதத்தை நீண்ட நேரம் பரிசீலிக்க வேண்டியதில்லை. அதற்குரிய சான்று நம் வாசலிலேயே கிடக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை ஒழித்தது. அது இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரையான காலத்தில் அங்கே நிகழ்ந்த கொலைகள் 962. இந்தியச் சட்டம் வந்து தூக்கு மீண்ட பிறகு, அடுத்த ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தவை 967. கயிறு வந்ததனால் ஒரு கொலையாளியின் கையும் தயங்கவில்லை.

எதிர்த்தரப்பின் மெய்யான பலம் வேறோரிடத்தில் இருக்கிறது. தன் மகளை இழந்த தாய், கொன்றவன் உயிரோடு உலவுவதை எப்படிப் பொறுப்பாள் என்று கேட்கும்பொழுது, புள்ளிவிவரங்கள் யாவும் வாயடைத்துப் போகின்றன. அந்தத் தாயின் கோபம் நியாயமானது. அதைத் தணிக்கும் கடமை அரசுக்கு உண்டு. ஆனால் நமது அரசாங்கங்கள் அவளுக்குச் செய்வதென்ன? புலன்விசாரணை ஒழுங்காக நடவாது, சாட்சிகளுக்குப் பாதுகாப்பிராது, ஈட்டுத்தொகை பல ஆண்டுகள் கோப்பிலே கிடக்கும், வழக்கு பதினைந்து ஆண்டுகள் இழுக்கும். ஊர் கொதித்தெழும் ஒரு வழக்கில் மட்டும் தூக்கை உரக்கக் கேட்டு, மற்ற ஆயிரம் தாய்மாருக்குச் செய்யத் தவறியதை அந்த முழக்கத்தால் மூடிவிடுகிறார்கள். அரசியல் வஞ்சனை தொடங்கும் இடம் இதுவே.

தமிழர் நன்கறிந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட இருபத்தாறு பேருக்கும் ஒருங்கே தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, பத்தொன்பது பேரை விடுவித்தது. இந்த ஓர் எண்ணிக்கையே ஒழிப்புக்குப் போதிய காரணம். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் என்ற அந்த நால்வரின் கருணை மனு வந்தபொழுது, 2000 ஏப்ரலில் கருணாநிதி தலைமையில் இருந்த தமிழக அமைச்சரவை நளினியின் தண்டனையை மட்டும் குறைக்கப் பரிந்துரைத்தது. மற்ற மூவர் விஷயத்தில் கருணைக்கு இடமில்லை என்றது. மூவரும் ஜனாதிபதிக்கு விண்ணப்பித்துப் பதினோராண்டுகள் காத்திருந்து, 2011 ஆகஸ்டில் நிராகரிப்பைப் பெற்றார்கள். செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கு என்று நாளும் குறிக்கப்பட்டது.

அந்த ஆகஸ்டின் கடைசி நாட்களில் நமது தலைவர்கள் நடந்துகொண்டதை நினைவுகூர்வது அவசியம். 2000-இல் மறுத்த கருணாநிதி, ஆட்சியில் இல்லாத நிலையில், மூவரின் உயிரைக் காக்க வேண்டும் என்று வேண்டினார். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 29-ஆம் தேதி சட்டசபையில் தமக்கு இதில் தலையிட அதிகாரமில்லை என்று அறிவித்தார். மறுநாளே, தமிழ் மக்களின் உணர்வை மதித்துத் தண்டனையைக் குறைக்குமாறு ஜனாதிபதியை வேண்டும் தீர்மானத்தைத் தாமே கொண்டுவந்து ஏகமனதாக நிறைவேற்றுவித்தார். அந்த ஓர் இரவில் அரசியல் சாசனம் மாறவில்லை. காஞ்சிபுரத்தில் ஓர் இளம்பெண் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டதனால் மாநிலம் கொந்தளித்திருந்தது, அதுவே மாறியது. அந்தத் தீர்மானத்தின் பயனை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தடையும் சேர்ந்து மூன்று உயிர்கள் நிலைத்தன. தாமதத்தைக் காரணமாகக் கொண்டு 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய தண்டனையைக் குறைத்தது. பத்தொன்பது வயதில், இரண்டு பாட்டரிகளை வாங்கிக் கொடுத்ததாகக் கைதான பேரறிவாளனுடைய வாக்குமூலத்தில், அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் வெளியிட்டார். 2022 மே 18-ஆம் தேதி அவர் விடுதலையானார். 2011-இல் கயிறு விழுந்திருந்தால் அந்த ஒப்புதலைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார்.

ஆயினும் அந்தத் தீர்மானம் மூவருக்காக மட்டுமே பேசிற்று. அந்த நாளிலேயே, தர்மபுரியில் 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி விவசாயக் கல்லூரி மாணவியர் மூவரைப் பேருந்தோடு எரித்த வழக்கில் அ.தி.மு.க.வினர் மூவர் தூக்கை எதிர்நோக்கியிருந்தனர். வேறு சிறைகளிலும் பெயரற்ற ஏழைகள் காத்திருந்தனர். மரண தண்டனையே வேண்டாம் என்று சட்டசபை சொல்லியிருந்தால் அது அனைவரையும் தழுவியிருக்கும். பின்னர் 2016-இல் தர்மபுரிக் குற்றவாளிகளின் தண்டனை நீதிமன்றத்தால் குறைக்கப்பட்டது சரியே. ஒழிப்பை விரும்பும் எவரும் அதை ஆட்சேபிக்க இயலாது. 2018 செப்டம்பரில் ராஜீவ் வழக்கின் எழுவரையும் விடுவிக்க அமைச்சரவை செய்த பரிந்துரையின் மீது முடிவெடுக்காமல் இருந்த ஆளுநர், அதே ஆண்டு நவம்பரில் தர்மபுரி மூவரின் விடுதலைக்கு ஒப்புதல் அளித்தார். கருணையைக் கட்சியின் தேவைக்கேற்பப் பங்கிடத் தொடங்கிவிட்டால், அது கிடைக்காமற் போனவனுக்குத் தண்டனையோடு அவமதிப்பும் சேர்ந்துவிடுகிறது.

பிற மாநிலங்களின் நடப்பும் வேறன்று. தமிழகத் தீர்மானத்தைக் கண்ட காஷ்மீர முதலமைச்சர் ஓமர் அப்துல்லா, இதே போன்றதொரு தீர்மானத்தை, பார்லிமெண்டுத் தாக்குதல் வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டிருந்த அப்ஸல் குருவுக்காகத் தம் சட்டசபை நிறைவேற்றினால் நாடு இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை விரைவிலேயே கிடைத்தது: அங்கே கொண்டுவரப்பட்ட தீர்மானம் அமளியில் மூழ்கிற்று. 2013 பிப்ரவரி 9-ஆம் தேதி அப்ஸல் குரு திஹார்ச் சிறையில் இரகசியமாகத் தூக்கிலிடப்பட்டார். குடும்பத்துக்கு அனுப்பிய அறிவிப்பு தபாலில் வந்து சேர்ந்தது அவர் புதைக்கப்பட்ட பின்பே. மூவர் உயிருக்காக நம் தெருக்களில் முழங்கியவர்களில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள்? அப்ஸலைத் தூக்கிலிடாததற்காக ஆண்டுக்கணக்கில் மத்திய அரசைச் சாடிய பாரதிய ஜனதா கட்சி, 2012-இல் பஞ்சாபில் அகாலி தளத்தோடு கூட்டணி ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது. அந்த அகாலி தளமோ, முதலமைச்சர் பியாந்த் சிங்கைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட ராஜோவானாவின் தூக்கை நிறுத்தப் பாடுபட்டது. மேற்கு வங்கத்தில் 2004-இல், கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒரு காவலாளியைத் தூக்கிலிட வேண்டும் என்று இடதுசாரி அரசே நின்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மார்க்ஸிஸ்டுக் கட்சி ஒழிப்பை ஏற்றது. அந்த மனமாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

அந்நிய நாட்டில் நமது பிரஜையின் கழுத்து சிக்கும்போது நாம் பேசும் மொழியும் கவனிக்கத்தக்கது. பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற சரப்ஜித் சிங்குக்காக மன்றாடிய அதே டில்லி அரசாங்கம் அப்ஸலைத் தூக்கிலிட்டு மூன்று மாதம் முடிவதற்குள், சரப்ஜித் சக கைதிகளின் தாக்குதலால் லாகூரில் இறந்தார். 2014 அக்டோபர் 30-ஆம் தேதி கொழும்பு உயர் நீதிமன்றம் ராமேசுவரம் பகுதி மீனவர் ஐவருக்குத் தூக்கு விதித்தபொழுது, தமிழகத்தில் எதிர்ப்புத் தெரிவிக்காத கட்சி இல்லை. மத்திய அரசும் முயன்றது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவர்கள் மன்னிப்புப் பெற்று வீடு திரும்பினார்கள். உலகெங்கும் தூக்கை நிறுத்திவைக்கும்படி 2007 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தபோதோ, இந்தியா எதிராக வாக்களித்திருந்தது.

இலங்கையின் வரலாறு நமக்கு இன்னும் கடுமையான பரீட்சையை வைக்கிறது. அங்கே 1956-இல் பதவிக்கு வந்த பிரதமர் பண்டாரநாயக்கா மரண தண்டனையை நிறுத்திவைத்தார்; 1959 செப்டம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவருடைய கொள்கையை அவருடைய சாவையே காரணமாகக் காட்டி அரசாங்கம் கைவிட்டு, சட்டத்தை முன்தேதியிட்டு மீட்டு, சுட்ட சோமராம தேரரை 1962 ஜூலை 6-ஆம் தேதி தூக்கிலிட்டது. 1976-க்குப் பின் அந்நாட்டில் தூக்கு நிறைவேற்றப்படவில்லை. அங்கே 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற குற்றத்துக்காக ஓர் இராணுவச் சார்ஜெண்டுக்கு 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து வெளியே அனுப்பிவிட்டார். பேரறிவாளனுக்காகக் கண்ணீர் விட்ட நான், இந்தச் சார்ஜெண்டைத் தூக்கிலிடலாகாது என்றும் சொல்லக் கடமைப்பட்டவன். அவரை விடுவித்தது அக்கிரமம் என்றும் அதே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டவன். கொன்றவனைக் கொல்லாமலிருப்பதற்கும் தண்டியாமலே விடுவதற்கும் உள்ள தூரத்தை மறைத்து, ஒழிப்புக் கோருவோர் யாவரும் குற்றவாளிக்குத் துணைநிற்பவர் என்று தூற்றுவோருக்கு, இத்தகைய மன்னிப்புகளே ஆயுதம் கொடுக்கின்றன.

2015 ஆகஸ்டில் வெளிவந்த சட்டக் கமிஷனின் 262-ஆவது அறிக்கை, பயங்கரவாதமும் அரசுக்கு எதிரான யுத்தமும் நீங்கலாக மற்றக் குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. அந்த விலக்கை என்னால் ஏற்க இயலவில்லை. பொதுமக்களின் கோபமும் போலீஸின் அவசரமும் மிகுதியாக இருக்கும் வழக்குகளே பிழை மிகுந்தவை என்பதற்கு, தடா நீதிமன்றத்தின் இருபத்தாறு தூக்குகளும் பிரத்தியட்சச் சான்று. ஆனால் அந்தக் குறைந்த சிபாரிசையும் எந்த அரசாங்கமும் தொடவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் மரணத்துக்குரிய குற்றங்களைக் கூட்டியே தந்திருக்கிறது.

குற்றச் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளது. மாநிலச் சட்டசபை அதில் திருத்தம் செய்து, அரசியல் சாசனத்தின் 254-ஆவது ஷரத்தின்படி ஜனாதிபதியின் சம்மதம் பெற்றால், அம்மாநிலத்தில் அத்திருத்தமே செல்லும். இந்த வழியை 2019-இல் ஆந்திரமும், 2020-இல் மகாராஷ்டிரமும், 2024-இல் மேற்கு வங்கமும், பாலியல் குற்றங்களுக்குத் தூக்கைச் சேர்க்க முயன்றபோது கையாண்டன. 2011-இல் கருணை வேண்டித் தீர்மானித்த தமிழகச் சட்டசபையும் 2025 ஜனவரியில் மரண தண்டனை உள்ளிட்ட கடுந்தண்டனைகளுக்கான திருத்தத்தை நிறைவேற்றியது. திரிபுரா சட்டசபை ஒன்றுதான் 2015 ஆகஸ்டில், எவருடைய பெயரையும் குறிப்பிடாமல், மரண தண்டனையையே ஒழிக்குமாறு மத்திய அரசை வேண்டிற்று; அதுவும் வேண்டுகோளாக நின்றதேயன்றி மசோதாவாக வளரவில்லை. கொலைக்குரிய பிரிவிலிருந்து மரணம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஆயுள் தண்டனையைக் கண்டிப்பானதாக்கி, கொலையுண்டவரின் குடும்பத்துக்கு உரிய ஈட்டுத்தொகையைக் கட்டாயமாக்கும் ஒரு சிறு மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. ஜனாதிபதி சம்மதம் மறுக்கலாம். மறுத்தாலும், மூவருக்காக ஏகமனதாகக் கை தூக்கிய அதே சபை, ஊரே வெறுக்கும் ஒருவனுக்கும் அதே சட்டம் பொருந்தும் என்று தெரிந்துகொண்டு கை தூக்குகிறதா என்பது ஏட்டில் பதிவாகும். அந்த மசோதாவை எந்தக் கட்சியின் உறுப்பினர் கொண்டுவந்தாலும், அவருக்கு உதவியாக அதன் ஷரத்துகளை எழுத என் போன்ற மாணவர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.